அவள் வாய்ப்பிறப்பு

எங்கள் சபையின் விழா மலருக்கு என்னிடம் ஒரு சாட்சி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் புதிதாக வந்திருக்கும் இளம் பாஸ்டர். மரியாதையான பிள்ளை. தலைப்பையும் அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்: 'ஊழியத்துக்காகத் திருமணத்தைத் துறந்தவர்.' என் படத்துக்குக் கீழே போட வேண்டிய வாசகமும் கூடவே வந்தது. நான் இளமையிலேயே ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்து, வந்த வரன்களையெல்லாம் கண்ணீரோடு மறுத்துவிட்டதாக அதில் இருந்தது.

"இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு இது ரொம்பத் தேவ, ஆன்டி" என்று போனில் சொன்னார். "ஊழியத்துக்கு யாருமே வர மாட்டேங்கிறாங்க லா. உங்கள மாதிரி ஒருத்தரக் காட்டணும்."

என்னைக் காட்டுவது இது முதல் தடவை இல்லை. இதற்கு முன்பும் ஒருவர் காட்டினார். அப்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் மாட்டிக்கொள்ள இருந்தது. அதைத்தான் என் சாட்சியாக எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் மலர்க் குழுவின் விருப்பம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில் சேர்ந்தேன். தோட்டம் துண்டாடப்பட்டது, லோரி கவிழ்ந்தது, பள்ளிக் கூரை ஒழுகியது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அங்கிருந்த செய்தி ஆசிரியர் யாரையும் திட்ட மாட்டார். தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பித் தருவார்: 'ஆள்?' செய்தியில் யார் பெயர் வருகிறதோ அந்த ஆளைக் கேட்டாயா என்று அர்த்தம். அந்த ஆளின் அப்பா சொன்னார், தலைவர் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. "செத்தவனத் தவிர எல்லாரையும் கேக்கலாம்" என்பார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பிறகு சபையின் தமிழ் மாத இதழுக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். அட்டையில் அரசு விதிப்படி போட வேண்டிய 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்ற வரி சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதில் என் மாதம் தொடங்கும். ஞானஸ்நானம், திருமணம், மரணம், வேத வினா விடை என்று பக்கங்கள் போகும். 'ஆள்?' என்ற சொல்லையும் நாளிதழிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தேன். கல்யாணச் செய்தி என்றால் மாப்பிள்ளை பெண் இருவருக்கும் போன் செய்து பெயரின் எழுத்துகளைச் சரிபார்ப்பேன். 'இது என்ன போலீஸ் விசாரணையா' என்று சிலர் சிரித்திருக்கிறார்கள்.

இதழின் பொறுப்பாசிரியர் பாஸ்டர் பொன்னையா. இப்போது அவர் இல்லை. அவருடைய மேஜையில் நான்கு வேதாகமங்கள் எப்போதும் திறந்தே இருக்கும்: பழைய தமிழ், புதிய தமிழ், மலாய், ஆங்கிலம். பக்கத்தில் ஆறிப்போன தே ஓ, பால் விடாத தேநீர். எதைக் கேட்டாலும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். வசனத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மேலே உள்ள வரியையும் கீழே உள்ள வரியையும் படிப்பார். "யாரு பேசுறா? யாருகிட்ட? உத்தரவா, அபிப்பிராயமா?" இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு வினாவுக்கும் விடை எழுத விட மாட்டார்.

அவர் வெளிநாட்டில் இறையியல் படித்தபோது, யூத ரபி ஒருவர் நடத்திய மாலை வகுப்புக்கும் போய் வந்தவர். "பதில் சொல்ல காலேஜ்ல படிச்சேன். கேள்வி கேக்க அந்தக் கெழவர்கிட்ட படிச்சேன்" என்பார். எங்கள் மூப்பர்கள் சிலருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஒரு மூப்பர் மற்றவர்களைவிட அதிகமாக முகம் சுளிப்பார். அவர் தேவராஜ்.

தேவராஜ் அண்ணன் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு சுங்கை சிப்புட்டில் மகள் ரூபியோடு இருந்தார். சபையில் அவர் ஜெபிக்கத் தொடங்கினால் சிறுபிள்ளைகளும் அசையாமல் இருப்பார்கள். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்கு வந்து, ஒரு கட்டுரையையும் ரூபியின் படத்தையும் என் மேஜையில் வைத்தார்.

"தங்கச்சி, அறுப்பின் பண்டிகைக்கு ரூபிய பிரதிஷ்ட பண்றோம். மொதப் பக்கத்துல வரணும்."

கட்டுரையைப் படித்தேன். ரூபி கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறி, மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரி நடையில் முழங்காலில் நின்று இவர் பொருத்தனை செய்தார்: பிள்ளை பிழைத்தால் அது உமக்கு, எந்த ஆணுக்கும் கட்டிக்கொடுக்க மாட்டேன். பிள்ளை பிழைத்தது. இப்போது வரன்கள் கேட்டு வரத் தொடங்கியிருப்பதால், சபை முன்னிலையில் அவளை ஊழியத்துக்கென்று நிறுத்திவிட வேண்டும். நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான். அந்த ஆஸ்பத்திரி நடை என் கண்முன் நின்றது.

ஓரத்தில் 'ஆள்?' என்று எழுதினேன். அவர் போனதும் ரூபிக்குப் போன் செய்தேன். அவள் ஈப்போவில் ஒரு தடிக்காவில், பாலர் பள்ளியில், ஆசிரியை. பின்னால் குழந்தைகளின் இரைச்சல்.

"ரூபி, உன் பிரதிஷ்டையப் பத்தி அப்பா கட்டுரை கொண்டாந்தாரு. ஒரு வார்த்த உன்னக் கேட்டுட்டுப் போடலாம்னு."

"என்ன பிரதிஷ்ட அக்கா? யாருக்கு?"

"உனக்குத்தான்."

'டீச்சர், இவன் கிரேயோன் திங்கிறான்' என்று ஒரு குழந்தை கத்தியது. "துப்பச் சொல்லு" என்றாள் ரூபி. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "சின்ன வயசுல நேந்துக்கிட்டேன்னு அப்பா சொல்வாரு. வேளாங்கண்ணிக்கு மொட்ட போடுற மாதிரி ஏதோன்னு நெனச்சேன். அக்கா, எனக்கு மாப்பிள்ள பாத்தாச்சு. நானேதான் பாத்தேன். தெலுக் இந்தான்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

கட்டுரை அந்த மாதம் போகவில்லை. தேவராஜ் அண்ணன் போன் செய்தார்.

"ரூபி ஒத்துக்கல, அண்ணே."

"அவ யாரு ஒத்துக்கிறதுக்கு? நேந்தது நானு. வேதத்துலயே இருக்கு தங்கச்சி. பவுல் சொல்றாரு, புத்திரியக் கட்டிக் குடுக்கிறவன் நல்லது செய்றான், குடுக்காம வச்சிருக்கிறவன் அத விட நல்லது செய்றான். பாஸ்டரக் கேளு."

கேட்டேன். பாஸ்டர் பொன்னையா நான்கு வேதாகமங்களையும் அந்த இடத்துக்குத் திருப்பினார். பழைய தமிழில் 'புத்திரி' என்று தெளிவாக இருந்தது. புதிய தமிழில் அந்தச் சொல் இல்லை. நிச்சயம் செய்யப்பட்ட பெண் என்று இருந்தது. மலாயிலும் அப்படியே.

"கிரேக்க மூலத்துல ரெண்டும் இல்ல" என்றார். "அவனோட கன்னிகை. அவ்வளவுதான் இருக்கு. மகளா, நிச்சயம் பண்ண பொண்ணான்னு படிச்சவங்க இன்னும் சண்ட போடுறாங்க. நம்ம பழைய மொழிபெயர்ப்புக்காரங்க மகள்னு முடிவு பண்ணிட்டாங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா முடிவு பண்ணது அவங்க."

"அப்ப இந்த அண்ணன் ஒரு மொழிபெயர்ப்பாளர் போட்ட சொல்ல வச்சுக்கிட்டுத்தான் மகளப் பூட்டி வைக்கிறாரா?"

"மேல படி" என்று விரலை நகர்த்தினார்.

பவுலின் கடிதத்தில் அந்த அதிகாரத்தை அன்றைக்குத்தான் செய்தி படிப்பதுபோலப் படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பவுல் ஓர் இடத்தில் இது ஆண்டவர் சொன்னது என்கிறார். அடுத்த இடத்தில் இது நான் சொல்வது, ஆண்டவர் சொன்னதில்லை என்கிறார். மணமாகாதவர்களைப் பற்றி வரும்போது, இதற்குக் கட்டளை எதுவும் என்னிடம் இல்லை, என் கருத்தைச் சொல்கிறேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். தன்னைப் போலத் தனியாக இருப்பது நல்லது என்பது அவர் எண்ணம், அதை மறைக்கவில்லை. ஆனால் கருத்தைச் செய்தியாக விற்கவில்லை. எங்கள் நாளிதழில் அந்த ஒழுங்கு எல்லோருக்கும் இருந்ததில்லை.

"யூதர்கள் இதுல வேற மாதிரி" என்றார் பாஸ்டர். "கல்யாணம் அவங்களுக்குக் கடம. பலுகிப் பெருகுங்கிறது மொதக் கட்டளைன்னு எடுத்துக்குவாங்க. அவங்கள்லயே ஒரு ரபி அதப் பத்தி நல்லா பேசிட்டு, தான் மட்டும் பண்ணிக்கல. மத்தவங்க புடிச்சுக் கேட்டாங்க. என் மனசு வேதத்து மேல போயிடுச்சு, ஒலகத்த மத்தவங்க பாத்துக்கட்டும்னாரு. நம்ம ஆளுங்க அவரப் புனிதராக்கியிருப்பாங்க. அவங்க அவர வச்சு வாதாடிக்கிட்டே இருந்தாங்க." சிரித்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணு மட்டும் இல்ல. ஒருத்தனுக்காக இன்னொருத்தன் துறக்கிறது."

பிறகு யெப்தாவைப் பற்றிச் சொன்னார். போரில் வென்றால் வீட்டு வாசலில் முதலில் எதிர்ப்படுவதைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்டவன். எதிர்ப்பட்டது அவன் ஒரே மகள். அது எங்களுக்கு ஞாயிறு பள்ளியிலேயே தெரிந்த கதை. தெரியாததை ரபி அவருக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பொருத்தனையை அவிழ்க்க வழி இருந்ததாம். பிரதான ஆசாரியனிடம் போயிருந்தால் போதும். நான் தலைவன், நான் ஏன் போக வேண்டும் என்று யெப்தா இருந்துவிட்டான். நான் ஆசாரியன், அவன் வரட்டும் என்று ஆசாரியன் இருந்துவிட்டான். இருவருக்கும் நடுவில் பெண் போய்விட்டாள். பின்னால் வந்த யூத உரைகாரர்கள் சிலர், அவள் கொல்லப்படவில்லை, கல்யாணம் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டாள் என்று படித்தார்கள். அப்படிப் படித்தவர்களும் அதை மெச்சிக்கொள்ளவில்லை.

சொல்லி முடித்தவர் தேநீரைப் பார்த்தார். குடிக்கவில்லை.

"மூப்பர இங்க வரச் சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கேன். வரல." எழுந்துவிட்டார். "நானும் ஒக்காந்துகிட்டுத்தான இருக்கேன்? வண்டிய எடும்மா."

சுங்கை சிப்புட்டில் தேவராஜ் அண்ணன் வீடு, ரப்பர்த் தோட்டம் போன இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை. பின்பக்கம் செம்பனை. ரூபியும் வேலை முடிந்து வந்திருந்தாள். தேவராஜ் அண்ணன் பாஸ்டரைக் கண்டதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஜெபம் முடிந்தது. குடிக்க மைலோ வந்தது. பேச்சு தொடங்கியது.

"பாஸ்டர், சாமுவேல அவங்கம்மா நேந்து கோயில்ல விடலையா? அது தப்பா?"

"தப்பில்ல மூப்பரே. சாமுவேலுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?"

தேவராஜ் அண்ணன் மைலோவைக் கலக்கத் தொடங்கினார்.

"ரெண்டு பசங்க" என்றார் பாஸ்டர். "லஞ்சம் வாங்குனானுங்க, அது வேற கத. ஆனா பொண்டாட்டி இல்லாம பிள்ளைங்க வந்திருக்காது. நேந்துவிட்டது சேவைக்கு. கல்யாணம் பண்ணாதன்னு அந்தம்மா எங்க சொன்னாங்க?"

'புத்திரி' பற்றியும் பாஸ்டர் விளக்கினார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா கையில வச்சிருந்த வேதம் பாஸ்டர் அது. நீங்க இன்னிக்கு வந்து திருத்துறீங்க." யெப்தா கதைக்கு இன்னும் கோபம் வந்தது. "அது யூதர் சொல்ற கத. நமக்கெதுக்கு?"

"அப்ப பவுல் யாரு மூப்பரே? தெலுக் இந்தான்காரரா?"

ரூபி கையிலிருந்த தட்டைச் சட்டென்று கீழே வைத்தாள். பாஸ்டருக்கு மாப்பிள்ளையின் ஊர் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

அப்போதுதான் தேவராஜ் அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் விடுங்க. இதோ கிரேஸ் தங்கச்சி. ஆண்டவருக்காகக் கல்யாணமே வேணாம்னு நிக்கல? சபையே மெச்சல? என் மக மட்டும் அப்படி இருந்தா என்ன கொறஞ்சிடும்?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். சபையில் எனக்கு இருந்த மதிப்பு எதன்மேல் நின்றது என்று எனக்குத் தெரியும். நானாக அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, அவர்களாகக் கட்டிக்கொண்டது. பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். ரூபி அதன் அடியில் மாட்டிக்கொண்டிருப்பாள்.

"அண்ணே, நான் ஆண்டவருக்காகக் கல்யாணத்த விடல."

"என்ன தங்கச்சி சொல்ற?"

"எனக்குத் தனியா இருக்கப் புடிச்சிருந்துச்சு. வேல புடிச்சிருந்துச்சு. ரெண்டு எடத்துல வந்து கேட்டாங்க, ரெண்டும் நல்ல எடம். வேணாம்னுட்டேன். எங்கப்பா 'உன் இஷ்டம்மா'ன்னாரு. அழுவல, நேந்துக்கல. என்னக் கேட்டாங்க, நான் சொன்னேன். அவ்வளவுதான்."

"இத்தன வருஷமா சபையில எல்லாரும்..."

"யாரும் என்னக் கேக்கல, அண்ணே. நீங்களும் கேக்கல. ரூபியக் கேட்டீங்களா?"

பாஸ்டர் தன் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து அண்ணனிடம் நீட்டினார். அவருடைய அப்பா வைத்திருந்த அதே மொழிபெயர்ப்பு. ரெபெக்காளைப் பெண் கேட்டு வந்த இடம். ரெபெக்காளின் அண்ணனும் தாயும் உடனே ஆம் என்று சொல்லிவிடவில்லை. பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம் என்கிறார்கள். அவள் வாயிலிருந்து பிறக்கும் சொல். "இந்த ஒரு வரிய வச்சுத்தான், பொண்ணு சம்மதம் இல்லாம கட்டி வைக்கக் கூடாதுன்னு யூதர் சொன்னாங்க" என்றார் பாஸ்டர். "கட்டி வைக்கிறதுக்கே கேக்கணும்னா, கட்டாம வைக்கிறதுக்கு?"

தேவராஜ் அண்ணன் அந்த வரியை உதடு அசைய இரண்டு முறை படித்தார். மகளைப் பார்க்காமலே கேட்டார்: "சொல்லு. உன் வாய்ப்பிறப்பு என்ன?"

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்ப்பா" என்றாள் ரூபி. குரலில் நடுக்கம் இல்லை. "நீங்க சம்மதிச்சாலும் சம்மதிக்காட்டியும். நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னுதான் எனக்குத் தெரியணும்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆனது. "ஒனக்கென்னடி தெரியும்" என்றார் மெதுவாக. "அந்த ராத்திரி ஒன் ஒடம்பு எப்படிக் கொதிச்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நேந்தத செலுத்தலன்னா அவரு திருப்பிக் கேப்பாரு. ஒன்னத்தான் கேப்பாரு."

வசனம், சாமுவேல், நான், எல்லாம் அந்தப் பயத்துக்கு அவர் பிடித்துக்கொண்ட ஊன்றுகோல்கள். அந்தப் பயத்தைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை. பாஸ்டர் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"மூப்பரே, அந்த வராந்தாவுல முட்டி போட்டது யாரு?"

"நான்தான்."

"வாயத் தொறந்து நேந்தது?"

"நான்தான் பாஸ்டர்."

"அப்ப கடன் யாருது? பிள்ளைக்குக் காய்ச்சல். அது ஒண்ணும் சொல்லல. நீங்க சொன்னீங்க, நீங்க செலுத்துங்க. ஊழியத்துக்கு ஒரு ஆள் தரேன்னு சொல்லியிருக்கீங்க. திங்கக்கெழம வாங்க. சபை வேனுக்கு டிரைவர் இல்ல."

ரூபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவராஜ் அண்ணன் அவளை முறைத்தார். அவர் கண்கள் நனைந்திருந்தன. மைலோவை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். "கியர் மேனுவலா, ஆட்டோவா?" என்றார்.

இது இனிமையாக முடிந்ததாக யாரும் எண்ண வேண்டாம். 'புத்திரி' என்ற சொல்லைப் பற்றி அடுத்த இதழில் அரைப் பக்கம் எழுதினேன். சொல் எங்கிருந்து வந்தது, வேறு எப்படிப் படிக்கிறார்கள், யூதர்கள் சம்மதத்தைப் பற்றி என்ன சொன்னார்கள், பவுல் எதைத் தன் கருத்து என்றார், இவ்வளவுதான் அதில் இருந்தது. வேதத்தைத் திருத்துகிறாள் என்று மூப்பர் குழு என்னைக் கூப்பிட்டு, மறுப்பு வெளியிடச் சொன்னது. எந்த வரி தவறு என்று காட்டச் சொன்னேன். காட்டவில்லை. மறுப்பும் வரவில்லை. தேவராஜ் அண்ணன் அந்தக் கூட்டத்தில் எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை; எனக்கு எதிராகவும் பேசவில்லை. என் 'எனக்குத் தனியா இருக்கப் புடிச்சிருந்துச்சு' மட்டும் சபை முழுவதும் சுற்றியது. ஜெபக் கூட்டங்களில் முன்வரிசைக்கு அழைப்பது நின்றது. பின்வரிசையில் காற்று நன்றாக வரும்.

ரூபியின் கல்யாணத்தில் மணப்பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது சபை வேன். ஓட்டியவர் டை கட்டியிருந்தார். இன்றும் அவர்தான் ஓட்டுகிறார். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அவர் இன்னும் ராத்திரி முழுவதும் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார் என்று ரூபி சொல்கிறாள். ஆனால் முழங்காலில் நிற்கும்போது யாரையும் நேர்ந்துகொள்வதில்லையாம். கேட்க மட்டும் கேட்கிறாராம்.

இளம் பாஸ்டருக்கு நான் சொல்வது இது. துறவு எனக்குத் தாழ்வான காரியம் இல்லை. தெரிந்து, தன் வாயால் சொல்லி அதை எடுத்தவர்களை நான் மதிக்கிறேன். அவர்களில் ஒருத்தியாக என்னை அச்சடிக்காதீர்கள். நான் வேலை செய்தேன், தனியாக வாழ்ந்தேன், இரண்டும் எனக்குப் பிடித்திருந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு பிள்ளையும் ஊழியத்துக்கு வராமல் போனால், பாஸ்டர் பொன்னையா வேனுக்கு டிரைவரைப் பிடித்ததுபோல நேரில் போய்க் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படவாசகத்தை அச்செடுத்து இந்தக் கட்டுரையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சொல் இருக்கும்.

ஆள்?